கல்லறையில் எழுந்த கேள்வி

சந்தையில் மண்பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கணீரென்று ஓசை வந்தால்தான் காசு கொடுப்பார்கள். விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக் கொடுத்துவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் கூலி வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இது தெரியும். பத்து ரூபாய்ப் பானைக்குச் செய்யும் இந்தச் சோதனையை நம்மை ஆளும் நம்பிக்கைகளுக்கும் செய்யலாமா என்று கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள்.

வேப்பூர் சுற்றுவட்டாரக் காலனிகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பத்து ஆண்டுகளுக்கு முன் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியவர்கள் என்று பல வகை. அந்த வீடுகளிலிருந்து விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு நெருக்கடியைச் சந்திக்கிறார்கள். அம்பேத்கரைப் படிக்கிறார்கள், பெரியாரைப் படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால், சந்தேகப்படுவது பாவம் என்கிறார்கள் பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால், இன்னுமா அடிமைப் புத்தி என்று சிரிக்கிறார்கள் நண்பர்கள். நம்பினால் யோசிக்கக் கூடாது, யோசித்தால் நம்பக் கூடாது என்று இரண்டு பக்கமும் வேலி.

இந்த இரண்டு வேலிக்கும் நடுவில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை தனக்கென்று ஒரு பாதை வெட்டினார். பொய்கையில் யோஹன்னான் என்பது அவர் பெயர். மக்கள் அன்போடு அழைத்தது பொய்கையில் அப்பச்சன். கேரளத்தில் அய்யன்காளிக்கும் நாராயண குருவுக்கும் அடுத்துச் சொல்லப்படும் பெயர் அது. தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது.

அடிமைகளின் நாடு

அப்பச்சனைப் புரிந்துகொள்ள அவர் பிறந்த திருவிதாங்கூரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்த நாட்டோடுதான் இருந்தது. அங்கே பறையர், புலையர், குறவர் போன்ற மக்கள் பண்ணையாட்களாக மட்டும் இல்லை. விலைக்கு விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும் கூடிய உடைமைகளாக இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்தும் விற்கலாம், நிலம் இல்லாமல் ஆளை மட்டும் தனியாகவும் விற்கலாம். கணவன் ஒரு திசைக்கும், மனைவி ஒரு திசைக்கும், பிள்ளைகள் வேறொரு திசைக்கும் போனார்கள். மாட்டோடு மனிதரையும் ஏரில் பூட்டி உழுத கொடுமையை அந்த மக்களின் பாடல்கள் இன்றும் சொல்கின்றன. 1836-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 12.8 லட்சம் பேரில் ஏறக்குறைய 1.65 லட்சம் பேர் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர்.

ஆங்கில மிஷனரிகள் அடிமை முறையை ஒழிக்கும்படி திருவிதாங்கூர் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அடிமைகளுக்கென்று சிறு பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். 1854-இல் மல்லப்பள்ளி அருகே ஜார்ஜ் மாத்தன் என்ற போதகர், தெய்வத்தான் என்ற அடிமைக்கு ஆபேல் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1855-இல், திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது.

ஆணை காகிதத்தில் இருந்தது. நிலம் பழைய எஜமானர் கையிலேயே இருந்தது. நிலம் யாரிடமோ அவரிடம்தான் கூழும் இருந்தது. எனவே ஆணைக்குப் பிறகும் பிள்ளைகள் எஜமானர் வீட்டு ஆட்களாகவே பிறந்தார்கள். அப்படிப் பிறந்தவர்களில் ஒருவர்தான் அப்பச்சன்.

குமரன் யோஹன்னான் ஆனார்

1879 பிப்ரவரி 17 அன்று, இன்றைய பத்தனம்திட்டா மாவட்டத்தில் திருவல்லாவுக்குப் பக்கத்திலுள்ள இரவிபேரூரில் அவர் பிறந்தார். தந்தை கண்டன், தாய் லேச்சி. பெற்றோர் வைத்த பெயர் குமரன். குடும்பம் சங்கரமங்கலம் என்ற சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் ஆட்கள். எஜமானர் குடும்பம் எந்தச் சபையோ, அந்தச் சபைக்கே ஆட்களும் போனார்கள். குமரனுக்கு யோஹன்னான் என்று பெயர் மாறியது. நம் ஊர் வழக்கில் சொன்னால் யோவான்.

அந்தக் காலத்தில் தலித் ஒருவர் கிறிஸ்தவர் ஆவதை இன்று சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். அரிசிக்கும் பால்மாவுக்கும் விலைபோனவர்கள் என்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் அன்று ஒரு பெயரின் விலை என்ன என்று அறியாதவர்கள். எஜமானர் வைத்த இழிபெயரோடு வாழ்ந்தவருக்கு வேதத்திலிருந்து ஒரு பெயர் கிடைத்தது. எழுத்தைக் கண்ணால் பார்க்கவே உரிமை இல்லாதவர் கையில் அச்சடித்த புத்தகம் ஒன்று வந்தது. ஏழு நாளும் வயலில் கிடந்தவருக்கு ஒரு நாள் தலைநிமிர்ந்து உட்கார இடம் கிடைத்தது. இவற்றை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

யோஹன்னான் எழுத்துப் படித்தார். கையில் கிடைத்த முதல் பெரிய நூல் பைபிள். அதை வரிக்கு வரி மனத்தில் ஏற்றினார். குரல் வளம் இருந்தது, பாட்டுக் கட்டும் திறமை இருந்தது. இளம் வயதிலேயே பேர்பெற்ற உபதேசியார் ஆனார். எகிப்தில் அடிமையாய்க் கிடந்த இஸ்ரவேல் மக்களைக் கடவுள் மீட்டார் என்ற கதையை அவர் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்த பறையர்களும் புலையர்களும் அழுதார்கள். அவர்களுக்கு அது எங்கோ நடந்த கதை இல்லை. போன தலைமுறையில் தங்கள் வீட்டில் நடந்தது.

அவர் சேர்ந்திருந்தது மார்த்தோமா சபை. சிரியன் கிறிஸ்தவர்களுக்குள் பழைய சடங்குகளைக் கேள்வி கேட்டுச் சீர்திருத்தம் பேசிப் பிரிந்த சபை அது. சீர்திருத்தம் பேசுகிற இடத்தில் சாதி இருக்காது என்று நம்பித்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே போனார்கள்.

கல்லறைக்குள்ளும் சாதி

போன இடத்தில் சாதி முன்பே போய் உட்கார்ந்திருந்தது. தலித்துகளுக்குத் தனிக் கோயில், தனி இடம். ஞானஸ்நானம் ஒன்றே, அப்பமும் ஒன்றே என்று வேதம் சொன்னாலும், பந்தியும் சம்பந்தமும் ஒன்றாகவில்லை. மதம் மாறியவரின் பெயருக்கு முன்னால் பழைய சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது.

யோஹன்னானை உலுக்கிய நிகழ்ச்சி ஒன்றை அவரைப் பின்பற்றுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இறந்துபோன தலித் கிறிஸ்தவர் ஒருவரைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பொறுக்கவில்லை. புதைத்த உடலைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்த வைத்தார்கள்.

இதை வாசிக்கிற நம் மக்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நமக்கும் சுடுகாட்டுப் பாதைக்குச் சண்டை தெரியும். வரப்பில் பாடை தூக்கிப் போனது தெரியும். ஆனால் கிறிஸ்தவத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கடைசி நாளில் கல்லறைகள் திறக்கும், எல்லாரும் ஒன்றாய் எழுந்திருப்பார்கள் என்பது அந்த மதத்தின் அடிப்படை நம்பிக்கை. ஒன்றாய் எழுந்திருக்கப் போகிறவர்கள் ஒன்றாய்ப் படுத்திருக்கக் கூடாதா? யோஹன்னானின் சந்தேகம் தத்துவப் புத்தகத்தில் தொடங்கவில்லை. தோண்டிய குழி மேட்டில் தொடங்கியது.

அவர் உடனே நம்பிக்கையைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவறு இந்தச் சபையில்தான், வேதத்தில் இல்லை என்று எண்ணினார். மார்த்தோமா சபையிலிருந்து விலகிப் பிரதரன் மிஷன் என்ற சபைக்குப் போனார். எல்லாரும் சகோதரர் என்பதையே பெயராக வைத்துக்கொண்ட சபை அது. அங்கும் சகோதரத்துவம் ஜெப வேளையோடு முடிந்தது. தலித் இளைஞருக்கும் சிரியன் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் திருமணம் என்ற பேச்சு வந்தபோது சகோதரர்களின் முகம் மாறியது என்று சொல்வார்கள். அங்கிருந்தும் வெளியேறினார்.

ஒரு சபையில் அநியாயம் நடந்தால் அந்தச் சபை கெட்டது என்று சொல்லலாம். போகிற சபையில் எல்லாம் அதே அநியாயம் நடந்தால்? அப்போதுதான் அவர் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோனார்.

தோமாவின் சபையில் தோமாவுக்கு இடமில்லை

பவுல் எழுதிய கடிதங்கள் பைபிளில் உள்ளன. ரோமருக்கு, கொரிந்தியருக்கு, கலாத்தியருக்கு, எபேசியருக்கு என்று ஒவ்வொரு ஊர் மக்களுக்கும் கடிதம் இருக்கிறது. திருவிதாங்கூர்ப் புலையருக்கும் பறையருக்கும் ஒரு கடிதம்கூட இல்லையே என்று யோஹன்னான் கேட்டார். கேலிக்காகக் கேட்டதல்ல. தன் முன்னோரின் கண்ணீர் எந்த வேதத்திலாவது, எந்த வரலாற்றிலாவது பதிவாகி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார். உலகத்து அரசர்களின் கதை இருந்தது. யூதர்களின் கதை இருந்தது. தன் வம்சத்தைப் பற்றி ஓர் எழுத்தும் அவர் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-இல் மலபார்க் கரைக்கு வந்தார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. சென்னையில் பரங்கிமலை அவர் பெயரால் விளங்குகிறது. சிரியன் கிறிஸ்தவர்கள் தங்களைத் தோமாவின் வழிவந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். மார்த்தோமா என்ற பெயரே அந்தத் தோமாதான். அந்தத் தோமா யார்? இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயத்தில் கை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நின்றவர். சந்தேகப்பட்ட சீடர். பைபிளின்படி இயேசு அவரைத் துரத்தவில்லை. காயத்தைக் காட்டினார்.

சந்தேகப்பட்ட சீடரின் பெயரைத் தாங்கிய சபை, சந்தேகப்பட்ட ஒரு பறையரைத் தாங்கிக்கொள்ளவில்லை. தோமா காயத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யோஹன்னான் தன் மக்களின் காயத்தைப் பாருங்கள் என்று கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

எரிந்த புத்தகம்

1906-ஆம் ஆண்டு, கோட்டயம் பக்கம் வாகத்தானத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் யோஹன்னான் எல்லார் முன்னிலையிலும் பைபிளைத் தீயிலிட்டார்.

இதை இன்று எழுதும்போது நிதானம் தேவை. இந்தப் பத்தியை வாசிக்கும் கிறிஸ்தவர்களுக்கு இது வலிக்கும். அது அவர்களின் புனித நூல். இன்று யார் வீட்டு வேதத்தையும் யாரும் எரிக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் நடந்ததை மறைக்கவும் கூடாது.

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதை நாம் அறிவோம். அது தலித்துகளை இழிவு செய்த சட்டநூல். அதை எரித்தவர்களுக்கு அந்நூலோடு எந்தப் பாசமும் இல்லை. யோஹன்னான் எரித்த நூல் அப்படிப்பட்டதல்ல. எழுத்தறிவு தந்த நூல். மனப்பாடமாய் ஒப்பித்த நூல். உபதேசியார் என்ற பெயரையும் பிழைப்பையும் தந்த நூல். பகையை எரிப்பது எளிது. நேசித்ததை எரிக்கிறவருக்குக் கை நடுங்கும். எஜமானர் கையில் இருக்கும்வரை இந்த நூலும் எஜமானரின் நூல்தான் என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டும். அந்த நூல் பேசும் விடுதலை பொய் என்று அவர் சொன்னதில்லை. அந்த விடுதலை எங்கள் குடிசைக்கு ஏன் வரவில்லை என்பதே அவர் சண்டை.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. அவர் கூட்டங்களில் கலவரம் செய்தார்கள், அடியாட்களை ஏவினார்கள். அவரோடு நின்றவர்கள் அடிபட்டார்கள். பகலெல்லாம் வயலில் வேலை, இரவில்தான் கூட்டம். அந்த இரவுக் கூட்டங்களுக்கும் காவல் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியும் இரட்சிப்பு

1909-இல் அவர் தனி இயக்கம் தொடங்கினார். பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று பெயர். பிரத்யட்சம் என்றால் கண்ணெதிரே தெரிவது. ரட்சை என்றால் மீட்பு. செத்த பிறகு பரலோகத்தில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட மீட்பை, இங்கே, இப்போது, கண்ணுக்குத் தெரியும்படி கேட்ட சபை.

பெயரைக் கவனித்தால் அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பது தெரியும். தெய்வம் உண்டு. மீட்பு உண்டு. சபை உண்டு. உபதேசம் உண்டு, பாட்டு உண்டு. கிறிஸ்தவத்தில் கற்ற அத்தனையும் உண்டு. எஜமானரின் அனுமதி மட்டும் இல்லை. அவர் நாத்திகர் ஆகவில்லை. பழைய மதத்துக்குத் திரும்பவும் இல்லை. நம்பிக்கையைச் சந்தேகத்தில் புடம்போட்டு, மிஞ்சியதை எடுத்துக்கொண்டார்.

பறையர், புலையர், குறவர் என்று பிரிந்து, தங்களுக்குள்ளும் தீண்டாமை பார்த்தவர்களை அவர் ஒன்றாக உட்கார வைத்தார். நீங்கள் தனித்தனிச் சாதிகள் அல்ல, இந்த மண்ணின் ஆதி திராவிட மக்கள், விற்கப்பட்டுச் சிதறிய ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் என்பது அவர் போதனையின் சாரம். ஆதிதிராவிடர் என்ற சொல் நம் ஊரில் சாதிச் சான்றிதழில் இருக்கிறது. அவர் அதைத் தன் மக்களின் வம்ச வரலாறாகச் சொல்லிக் கொடுத்தார்.

வேதம் எழுதப்படாத மக்களுக்கு நினைவே வேதம் என்றானது. இரவுக் கூட்டங்களில் அவர் அடிமைக் காலத்தை எடுத்துச் சொல்வார். தகப்பனை ஒரு சந்தையில் விற்றார்கள், தாயை இன்னொரு சந்தையில் விற்றார்கள், பசித்த பிள்ளைகள் அநாதையாய் நின்றார்கள் என்று பாட்டாகப் பாடுவார். கேட்கிறவர்கள் கதறுவார்கள். விடியும்போது எல்லாரும் தங்களை ஒரு தாய் மக்களாக உணர்ந்து எழுவார்கள். வரலாற்று ஆசிரியர் சனல் மோகன் போன்றவர்கள் இந்த இயக்கத்தின் அடிமை நினைவுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் அடிமைகளாக இருந்த மக்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் போல, தங்கள் பாட்டில் வரலாற்றைக் காப்பாற்றியதை அறிவோம். நம் பக்கத்து மாநிலத்தில் அதே வேலையைச் செய்தவர் அப்பச்சன்.

முன்னோர் அடிமைகள் என்று சொல்ல நமக்கு இன்றும் கூச்சம். ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஆசை. அடிமையாக்கப்பட்டது நம் வெட்கம் அல்ல, ஆக்கியவர்களின் வெட்கம் என்பதை அந்த இரவுக் கூட்டங்கள் கற்றுக் கொடுத்தன.

சட்டசபையில் ஒரு குரல்

பாட்டோடு அவர் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். சபையின் பெயரில் நிலம் வாங்கினார். சொந்தமாய்க் கால் வைக்க ஓர் அடி மண் இல்லாதவனுக்கு மானம் எங்கே நிற்கும் என்பதை அடிமைப் பிள்ளையான அவர் நன்கு அறிந்திருந்தார். முதல் உலகப் போர் நடந்த காலத்தில், இந்தக் கூலி மக்களைத் திரட்டிச் சமாதான ஊர்வலம் நடத்தினார். எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்குத் திருவிதாங்கூரில் சேற்றுக் காலோடு மக்கள் நடந்தார்கள். உலகத்துக்காகப் பேசவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டிய நடை அது.

1921-இலும் 1931-இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் மக்கள் குறைகளைச் சொல்ல இருந்த அவை அது. ஏற்கெனவே அய்யன்காளியின் குரல் ஒலித்த இடம். அப்பச்சன் அங்கே தன் மக்களுக்கு நிலம் கேட்டார், கல்வி கேட்டார், அரசு வேலை கேட்டார். கண்ணுக்குத் தெரியும் மீட்பு என்பதன் பட்டியல் அதுதான்.

அதே காலத்தில் அதே மண்ணில் இன்னொருவரும் இருந்தார். பாம்பாடி ஜான் ஜோசப். 1921-இல் சேரமர் மகாஜன சபையைத் தொடங்கியவர். அவரும் தலித் கிறிஸ்தவர்தான். அவர் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் நாம் சேரமர் என்று சொல்லி மக்களைத் திரட்டினார். தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் பௌத்தம் ஏற்றார். கிறிஸ்தவத்துக்குள் நுழைந்த சாதியை அவரும் கடுமையாகச் சாடினார். ஒருவர் கிறிஸ்தவ அடையாளத்தை விடாமல் போராடினார், ஒருவர் வெளியேறித் தன் சபை கட்டினார், ஒருவர் பழைய தம்மத்தைத் தேடிப் போனார். மூன்று பேரும் நடந்த பாதைகள் வேறு. மூன்று பேரும் பானையைத் தட்டிப் பார்த்தவர்கள்.

1939 ஜூன் 29 அன்று அப்பச்சன் மறைந்தார். வயது 60. அவருக்குப் பின் அவர் மனைவி ஜானம்மா பல பத்தாண்டுகள் சபையை வழிநடத்தினார். ஒரு பெண், அதுவும் தலித் பெண், ஒரு சமய இயக்கத்துக்குத் தலைமை ஏற்றது சாதாரணச் செய்தி அல்ல. தலைமையகம் இன்றும் இரவிபேரூரில் இருக்கிறது. அப்பச்சனை மக்கள் ஸ்ரீகுமார குருதேவன் என்று தெய்வமாகவே வணங்குகிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லாவற்றையும் கேள்வி கேட்ட மனிதரைக் கேள்வி கேட்க முடியாத தெய்வமாக்கிவிட்டார்களே, இது சரியா? தன்னைப் போல் ஒருவர் தெய்வமாக நிற்பதைப் பார்ப்பது, காலங்காலமாய்த் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்கள் கேட்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்பச்சனிடமிருந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டால் அவரில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். இது அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு அவர் புத்தகத்தைத் திறக்காத நமக்கும் பொருந்தும்.

நம் பக்கத்து ஊரில்

இதெல்லாம் கேரளத்துப் பழங்கதை என்று தள்ள முடியாது. வேப்பூரிலிருந்து எறையூர் அதிக தூரம் இல்லை. 2008 மார்ச்சில் அங்கே நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரே கோயிலில் கும்பிட்ட கிறிஸ்தவர்கள் சாதியால் இரண்டாய் நின்றார்கள். சம உரிமை இல்லாத இடத்தில் இருக்க முடியாது, எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். மோதல் வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித்துகள் அல்ல, எதிர்த் தரப்பினர். சாதி யார் வீட்டில் எப்போது இழவு விழ வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கென்று சுவர் எழுப்பியிருந்ததும் ஊரறிந்த செய்திதான்.

சட்டமும் துணைக்கு வரவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றானது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது ஆணை. கல்லறைச் சுவர் போகவில்லை என்கிறது. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதனால்தான் பல வீடுகளில் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். பிள்ளைகள் இரண்டு பெயரோடு வளர்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்வி வராமல் எப்படி இருக்கும்?

அவர்களுக்குச் சொல்ல அப்பச்சன் வாழ்க்கையில் செய்தி இருக்கிறது. சந்தேகம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நண்பர்கள் முன்னால் மதிப்புக்காக வருகிற சந்தேகம் ஒரு மாதத்தில் போய்விடும். அடுத்தவரின் வலியைப் பார்த்து வருகிற சந்தேகம் உங்களை வேலை செய்ய வைக்கும். அப்பச்சனை அது பள்ளிக்கூடம் கட்ட வைத்தது. பெரியவர்களுக்கும் செய்தி இருக்கிறது. வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்டால் சாத்தான் புகுந்துவிட்டான் என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம். சிந்திக்கிற பிள்ளையைத் துரத்தும் சபை, தன் தோமாவையே துரத்துகிறது.

உங்கள் கோயிலில் தங்குவதா, வெளியேறுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பத்தி அதைச் சொல்லாது. ஆனால் அடுத்த முறை உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா? இருந்தால், அது யார் கட்டியது, ஏன் இன்னும் நிற்கிறது என்று பங்குக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இரவிபேரூர்ப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு கல்லறை மேட்டில்தான் தன் கேள்வியைத் தொடங்கினார்.